'மாட்டேன்' என்ற கட்டம்

கோடைக்காலச் சனிக்கிழமைகளில் நாங்கள் ஜான்-டலோன் சந்தைக்குப் போவோம். நான், என் அம்மா, ஒன்பது வயது மகன். மாண்ட்ரியலின் வடக்கே, குட்டி இத்தாலி என்று அழைக்கப்படும் பகுதியில் 1933-இல் 'வடக்குச் சந்தை' என்ற பெயரில் திறக்கப்பட்ட இடம் அது. நியூ பிரான்ஸ் காலத்து நிர்வாகி ஜான் டலோனின் பெயர் பின்னால்தான் வந்தது. சுற்றுவட்டார விவசாயிகள் கொண்டுவந்து குவிக்கும் காய்களும் பழங்களும் ஜூன் கடைசியில் சிவப்பாகவும், ஆகஸ்டில் மஞ்சளாகவும், செப்டம்பரில் மறுபடியும் சிவப்பாகவும் நிறம் மாறும். முதலில் ஸ்ட்ராபெரி, அடுத்து மக்காச்சோளம், அப்புறம் ஆப்பிள்.

அம்மாவுக்குப் பிரெஞ்சும் தெரியாது, ஆங்கிலமும் அவ்வளவாக வராது. சென்னையில் கோடம்பாக்கம் மார்க்கெட்டில் நாற்பது வருஷம் பேரம் பேசியவர் இங்கே விரலைக் காட்டி வாங்குகிறார். என் மகனுக்குப் பேச்சு வராது. ஆட்டிசம். அவன் கழுத்தில் ஒரு கைக்கணினி தொங்கும். அதில் கட்டம் கட்டமாகப் படங்கள். ஸ்ட்ராபெரி படத்தைத் தொட்டால் 'ஃப்ரேஸ்' என்று ஒரு பெண்குரல் சொல்லும். பள்ளியில் பழக்கிய பெட்டி என்பதால் அது பிரெஞ்சுதான் பேசும். கடைக்காரருக்குக் குரல் புரிந்துவிடுகிறது. அம்மாவுக்குப் படம் புரிந்துவிடுகிறது. ஒருநாள் அம்மா சொன்னார்: "அவன் சொல்றது எனக்குப் புரியுதுடா. அந்தப் பெட்டி சொல்றதுதான் புரியல."

அந்த வாக்கியம் கொஞ்ச நாள் என்னை விடவில்லை. மென்பொருள் ஆலோசனை என் தொழில். ஒரு பொருள் எங்கிருந்து வந்தது, யார் கேட்டு யார் செய்தார்கள் என்று பின்னோக்கிப் பார்ப்பது எனக்குப் பழக்கம். இந்தப் படப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனபோது, அதன் வரலாற்றில் நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு ஊர்கள் வந்தன. ஒன்று டொரண்டோ, மற்றது சென்னை. ஆனால் கதை தொடங்குவது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் ஓரத்தில் இருந்த ஒரு நகரத்தில்.

*

செர்னோவிட்ஸ். இன்று உக்ரைனில் செர்னிவ்ட்ஸி. ஜெர்மன், ருமேனியன், உக்ரேனியன், போலிஷ், யித்திஷ் எல்லாம் ஒரே தெருவில் கேட்கும் ஊர் அது. 1897-இல் அங்கே ஒரு யூதக் குடும்பத்தில் கார்ல் பிளிட்ஸ் பிறந்தார். இத்தனை மொழிகள் இருந்ததால் ஊரில் பகையும் இருந்தது, ஒரே வார்த்தையை ஆளுக்கு ஆள் வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார்கள் என்று பிற்காலத்தில் அவர் நினைத்தார். வியன்னாவில் வேதிப் பொறியியல் படித்து அங்கேயே வேலைக்கும் அமர்ந்தார். 1938-இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும் முதலில் டாஹவ், பிறகு புக்கன்வால்ட் வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டார். மனைவி கிளேர் ஜெர்மன் கத்தோலிக்கர். அவர் விடாமல் போராடியதால் 1939-இல் வெளியே வந்து இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். அங்கே 'பிளிட்ஸ்' என்பது குண்டுவீச்சின் பெயராகிவிட்டிருந்தது. கார்ல் பிளிட்ஸ், சார்லஸ் பிளிஸ் ஆனார். பிளிஸ் என்றால் பேரானந்தம்.

கணவனும் மனைவியும் மறுபடி ஒன்று சேர்ந்தது ஷாங்காயில். விசா இல்லாத யூத அகதிகளுக்கு அன்று உலகில் திறந்திருந்த சில கதவுகளில் அதுவும் ஒன்று. கடைப் பலகைகளிலும் செய்தித்தாள்களிலும் இருந்த சீன எழுத்துகள் பிளிஸ்ஸை ஈர்த்தன. ஒரு வாத்தியாரை வைத்துப் படிக்கத் தொடங்கினார். கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தார்: பலகைகளை அவர் வாசித்தார், ஆனால் சீன மொழியில் அல்ல, தன் மனதுக்குள் ஜெர்மனில். ஒலி தெரியாமலே பொருள் கிடைத்தது. சீன எழுத்து வெறும் படம் அல்ல, பெரும்பாலான எழுத்துகளில் ஒலிக்குறிப்பும் உண்டு என்று மொழியியலாளர்கள் சொல்வார்கள். பிளிஸ்ஸின் புரிதல் பாதிதான் சரி. ஆனால் அந்தப் பாதியிலிருந்துதான் அவருக்கு யோசனை பிறந்தது. உச்சரிக்கத் தேவையில்லாத, எந்த மொழிக்காரரும் தன் மொழியிலேயே வாசித்துக்கொள்ளக்கூடிய ஓர் எழுத்து முறை.

1943-இல் ஜப்பானியர்கள் ஷாங்காய் யூத அகதிகளை ஹோங்கியூ பகுதிக்குள் அடைத்தார்கள். யூதர் அல்லாத கிளேர் விலகிப் போயிருக்கலாம், ஆனால் அவரும் கூடவே உள்ளே போனார். போர் முடிந்தபின் 1946-இல் இருவரும் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். புது நாட்டில் பட்டத்துக்கு மதிப்பில்லை, பிளிஸ் தொழிலாளியாக வேலை செய்தார். புலம்பெயர்ந்த நமக்கு இது தெரிந்த கதைதான். டாக்டர் டாக்ஸி ஓட்டுவதும் ஆசிரியர் பாத்திரம் கழுவுவதும் நம் வீடுகளிலேயே நடந்திருக்கிறது. இரவுகளில் உட்கார்ந்து எழுதினார். 1949-இல் 'செமாண்டோகிராஃபி' என்ற புத்தகம் வெளிவந்தது. கிளேர் உலகெங்கும் இருந்த பல்கலைக்கழகங்களுக்கும் கல்வியாளர்களுக்கும் ஆயிரக்கணக்கில் கடிதங்கள் அனுப்பினார். யாரும் பொருட்படுத்தவில்லை. 1961-இல் கிளேர் இறந்தார்.

அந்த எழுத்து எப்படி இருக்கும் என்று சொன்னால்தான் பிறகு நடந்தது புரியும். வட்டம், சதுரம், கோடு, அலை, அம்பு போன்ற சில வடிவங்கள்தான் அடிப்படை. நெளிந்த கோடு தண்ணீர். அதோடு கீழ்நோக்கிய அம்பு சேர்ந்தால் மழை. இதய வடிவம் உணர்வு. இதயமும் மேல்நோக்கிய அம்பும் சந்தோஷம், இதயமும் கீழ்நோக்கிய அம்பும் துக்கம். நாற்காலியும் தண்ணீரும் சேர்ந்தால் கழிப்பறை. ஒரு குறியின் தலைமேல் சின்னக் கூம்பு வைத்தால் அது வினைச்சொல். ஆக இது படங்களின் பட்டியல் மட்டும் அல்ல. இருக்கும் குறிகளைச் சேர்த்து இல்லாத சொல்லை உண்டாக்கலாம்.

*

டொரண்டோவில் அன்று ஊனமுற்ற குழந்தைகளுக்கான மாகாண மையம் ஒன்று இருந்தது. பெருமூளை வாதம் உள்ள குழந்தைகள் அங்கே படித்தார்கள். அறிவு இருந்தது, வாயும் கையும் சொன்னபடி கேட்காது. அவர்களிடம் ஒரு பலகை இருக்கும். சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை, கட்டில் என்று சில படங்கள். குழந்தை விரலாலோ கண்ணாலோ காட்டும், பெரியவர்கள் செய்து கொடுப்பார்கள். தேவைகள் நிறைவேறின. ஆனால் நேற்று நடந்ததைச் சொல்லவோ, கேள்வி கேட்கவோ, பொய் சொல்லவோ, கேலி செய்யவோ அந்தப் பலகையில் வழி இல்லை.

1971-இல் அங்கே ஆசிரியையாக இருந்த ஷெர்லி மெக்நாட்டனும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு புத்தகத்தில் பிளிஸ்ஸின் குறிகளைக் கண்டார்கள். குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். சில மாதங்களில் குழந்தைகள் வாக்கியம் அமைத்தார்கள், பலகையில் இல்லாத சொற்களை இருக்கும் குறிகளைச் சேர்த்து உண்டாக்கினார்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் யாரும் சீண்டாத ஒரு கண்டுபிடிப்புக்கு, அதை உண்டாக்கியவர் கனவிலும் நினைக்காத வாசகர்கள் கிடைத்தார்கள். பிளிஸ் விரும்பியது உலக சமாதானம். ராஜதந்திரிகளும் விஞ்ஞானிகளும் தன் எழுத்தில் பேசி, போர் இல்லாமல் போகும் என்று நம்பியிருந்தார். கிடைத்தது சக்கர நாற்காலியில் உட்கார்ந்த பத்து வயதுப் பிள்ளைகள்.

சேதி கேட்டு பிளிஸ் நேரில் வந்தார், குழந்தைகளைக் கொண்டாடினார். 1974-இல் கனடிய தேசியத் திரைப்பட வாரியமும் ஆஸ்திரேலியர்களும் சேர்ந்து அவரைப் பற்றி 'மிஸ்டர் சிம்பல் மேன்' என்ற ஆவணப்படம் எடுத்தார்கள். அந்த வாரியத்தின் தலைமையகம் எங்கள் மாண்ட்ரியலில்தான் இருக்கிறது.

பிறகு சண்டை வந்தது. ஆசிரியைகள் குறிகளைக் குழந்தைகளின் தேவைக்கேற்ப மாற்றினார்கள், புதிதாகச் சேர்த்தார்கள். குறியின் அருகே ஆங்கிலச் சொல்லை எழுதி, அதையே ஆங்கிலம் வாசிப்பதற்கான ஏணியாக்கினார்கள். பிளிஸ்ஸுக்கு இது துரோகமாகப் பட்டது. வார்த்தைகளின் பிடியிலிருந்து மனிதனை விடுவிக்கச் செய்ததை வார்த்தைக்கே வேலைக்காரனாக்குகிறார்களே என்று கொதித்தார். கண்டனக் கடிதங்கள் பறந்தன, விவகாரம் வழக்கறிஞர்கள் வரை போனது. கடைசியில் 1982-இல் குறிகளைப் பயன்படுத்தும் நிரந்தர உரிமை கனடிய அமைப்புக்குக் கிடைத்தது. 1985-இல் பிளிஸ் இறந்தார்.

இந்தச் சண்டையில் யார் பக்கம் நிற்பது என்று பல நாள் யோசித்தேன். வதைமுகாமையும் அகதி வாழ்க்கையையும் கடந்து ஒரு மனிதன் பெற்றெடுத்த ஒரே பிள்ளை அந்த எழுத்து. அவர் ஆத்திரம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் என் தொழில் எனக்கு ஒன்றைக் கற்றுத் தந்திருக்கிறது. ஒரு பொருள் என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் கூட்டத்தில் அதைப் பயன்படுத்தப் போகிறவர் இருக்கவே மாட்டார். பிளிஸ் சமாதானத்துக்காக வாதாடினார், ஆசிரியைகள் கல்விக்காக வாதாடினார்கள். குழந்தைகளிடம் கேட்டிருந்தால் அவர்களுக்கு ஒரு குறி கூடுதலாக வேண்டியிருந்திருக்கும், அவ்வளவுதான். பலகையை எழுதுகிறவர், பேசுகிறவரின் எல்லையையும் சேர்த்தே எழுதிவிடுகிறார். இன்றைய படப்பெட்டிகளில் பெரும்பாலும் பிளிஸ்ஸின் குறிகள் இல்லை, நேரடியாகப் புரியும் வண்ணப் படங்கள்தான். ஆனால் இந்தக் கேள்வி அப்படியே இருக்கிறது.

*

சந்தையிலிருந்து வடமேற்கே கொஞ்ச தூரம் நடந்தால் சான்-லோரான் பெருவீதியில் ஒரு பெரிய பழைய கட்டடம் வரும். 1848-இல் தொடங்கப்பட்ட காதுகேளாத சிறுவர்களுக்கான கத்தோலிக்கப் பள்ளிக்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு 1880-ஆம் ஆண்டு நினைவுக்கு வரும். அந்த ஆண்டு இத்தாலியின் மிலான் நகரில், காதுகேளாதோர் கல்வி பற்றி ஒரு மாநாடு நடந்தது. கலந்துகொண்டவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் காது கேட்கும். சைகைமொழியை விட்டுவிட்டு வாய்ப்பேச்சையே கற்பிக்க வேண்டும் என்று அவர்கள் தீர்மானித்தார்கள். பல நாடுகளில் வகுப்பறைகளிலிருந்து சைகை துரத்தப்பட்டது. கியூபெக் பள்ளிகளிலும் அந்தக் காற்று வீசியது. 2010-இல் வான்கூவரில் கூடிய இதே மாநாடு, 130 ஆண்டுகளுக்குப் பின் அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது.

தடைக்குப் பின்னால் இருந்தது ஒரு பயம். சைகை காட்டப் பழகினால் பேச முயல மாட்டான் என்ற பயம். அதே பயத்தை நான் என் வீட்டிலும் கேட்டிருக்கிறேன். "படத்தைத் தொட்டாலே எல்லாம் கிடைக்குதுன்னா வாயைத் திறப்பானா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். நானும் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டேன். இதனால் ஒன்றரை வருடம் பெட்டியைத் தள்ளிப்போட்டோம். 2006-இல் மில்லர், லைட், ஷ்லாஸர் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நம்பத் தகுந்த சான்று இருந்த 27 பேரில், படமோ சைகையோ பழகியதால் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது கூடியிருந்தது. இதை நான் முன்பே படித்திருந்தால் அந்த ஒன்றரை வருடம் மிஞ்சியிருக்கும்.

*

சென்னையில் 1985-இல் பூனம் நடராஜன் பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளுக்காக ஒரு மையம் தொடங்கினார். இன்று கோட்டூர்புரத்தில் இருக்கும் வித்யாசாகர் அதுதான். பேசாத குழந்தைக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது என்ற நம்பிக்கையில், தொடர்புப் பலகைகளை வைத்து அங்கே நெடுங்காலமாக வேலை நடக்கிறது. ஆனால் பலகைக்குக் குரல் கிடையாது. எதிரே ஒருவர் உட்கார்ந்து பார்த்தால்தான் பேச்சு நடக்கும். குரல் தரும் கருவிகள் மேல்நாட்டில் இருந்தன, விலை பல ஆயிரம் டாலர். பேசினாலும் ஆங்கிலம் பேசும்.

ஐஐடி மெட்ராஸில் படித்த அஜித் நாராயணன் அந்தக் குழந்தைகளைப் பார்த்துத்தான் இந்தியாவில் கட்டுப்படியாகும் ஒரு கருவி செய்ய முனைந்தார். 2010-இல் வெளிவந்த அதன் பெயர் 'ஆவாஸ்'. இந்தியில் குரல் என்று பொருள். கையை நன்றாக அசைக்க முடியாதவர்களுக்காக, கட்டங்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்துகொண்டே போகும். தனக்கு வேண்டியது வரும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். 2012-இல் அது ஐபேட் செயலியானது. பின்னர் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளும் அதில் வந்தன.

2013-இல் ஒரு டெட் உரையில் அவர் இன்னொரு யோசனையை விளக்கினார். படங்களுக்கு நடுவே யார், எதை, எப்போது என்ற கேள்விகளை இணைப்பாக வைத்தால், அந்த வலையிலிருந்து கணினி எந்த மொழியிலும் இலக்கணம் பிசகாத வாக்கியம் அமைத்துக்கொள்ளலாம் என்றார். அதைக் கேட்டபோது எனக்கு ஷாங்காய் கடைவீதி நினைவுக்கு வந்தது. பொருள் ஒன்று, வாசிக்கும் மொழி அவரவருடையது. பிளிஸ்ஸின் பழைய கனவு, அவர் பெயர் தெரியாத ஒரு நகரத்தில் வேறு வடிவில் திரும்பி வந்திருந்தது.

*

இதையெல்லாம் படித்த சூட்டில் ஒரு வாரக் கடைசியில் என் மகனுக்காகத் தமிழ்ப் பலகை ஒன்று செய்தேன். கைக்கணினியில் இருக்கும் அதே படங்கள், கீழே தமிழ்ச் சொல், இருபத்து நான்கு கட்டங்கள். அச்செடுத்து லேமினேட் செய்து அம்மாவிடம் கொடுத்தேன். பாட்டியும் பேரனும் பிரெஞ்சுக்காரியின் குரல் இல்லாமல் பேசிக்கொள்ளட்டும் என்ற எண்ணம்.

அம்மா பலகையைப் பார்த்துச் சிரித்தார். பிரெஞ்சுப் பலகையில் இருந்தபடியே 'நான்', 'வேண்டும்', 'ஆப்பிள்' என்று வைத்திருந்தேன். "'நான் வேண்டும் ஆப்பிள்'னு யாருடா பேசுவா? 'எனக்கு'ன்னு போடு." எனக்கு உறைத்தது. பிரெஞ்சில் விரும்புகிறவன் எழுவாய். தமிழில் வேண்டுதல் எனக்கு நேர்கிறது. எனக்குப் பசிக்கிறது, எனக்குப் பிடிக்கும், எனக்குத் தெரியும். படம் மொழி கடந்தது, ஆனால் படங்களை அடுக்கும் வரிசை மொழி கடந்தது அல்ல. "'வேண்டும்' என்ன, மேடையில பேசப்போறானா? 'வேணும்'னு எழுது" என்றார் அடுத்தபடியாக. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் வேறு வேறு என்பதை, பேச்சே இல்லாத பிள்ளைக்குப் பலகை செய்யும்போது மறந்துபோயிருந்தேன். இரண்டையும் திருத்தினேன்.

மூன்றாவதாக அவர் கேட்டதுதான் சிக்கல். "'மாட்டேன்'னு ஒண்ணு இல்லையே?"

"'வேணாம்' இருக்கேம்மா."

"அது பண்டத்துக்கு. 'வரமாட்டேன்', 'போடமாட்டேன்'னு எப்படிச் சொல்வான்?"

பிரெஞ்சுப் பலகையில் எல்லா மறுப்புக்கும் சேர்த்து ஒரே 'நோன்'. தமிழில் இல்லை, வேணாம், முடியாது, கூடாது, மாட்டேன் எல்லாம் தனித்தனி. இல்லை என்பது உண்மையைப் பற்றியது. வேணாம் என்பது பொருளைப் பற்றியது. மாட்டேன் மட்டும்தான் 'நான் இதைச் செய்வதாக இல்லை' என்ற மனதைச் சொல்வது. அந்தக் கட்டத்தை நான் மறந்து விடவில்லை. பலகை செய்யும்போது நினைத்தேன், வேண்டாம் என்று விட்டேன். பனிக்காலத்தில் அவனுக்குக் கோட்டு மாட்டுவது, குளிக்கவைப்பது, தூங்கவைப்பது எல்லாம் என் வேலை. அவன் கையில் 'மாட்டேன்' இருந்தால் என் மாலைப்பொழுது நீளும். பிளிஸ்ஸையும் ஆசிரியைகளையும் பற்றி அத்தனை யோசித்தவன், பலகையை எழுதும் இடத்தில் நான் வந்து உட்கார்ந்ததும் அதையேதான் செய்திருந்தேன்.

நம் ஊரில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வாக்களிப்பதற்காக 1951-52 முதல் பொதுத்தேர்தலிலேயே சின்னங்கள் வந்துவிட்டன. அம்மாவைப் பெற்ற பாட்டிக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது. உதயசூரியனும் இரட்டை இலையும் தெரியும். அவர் சொல்ல நினைத்ததைச் சின்னத்தால் சொன்னார். ஆனால் 'இவர்களில் யாரும் வேண்டாம்' என்று மறைவாகச் சொல்லும் பொத்தான் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2013-இல்தான் வந்தது, அதற்கென்று ஒரு சின்னம் 2015-இல் வந்தது. அறுபது ஆண்டுகளாகத் தேர்ந்தெடுக்க முடிந்தது, மறுக்கச் சின்னம் இல்லை. பாட்டி அதற்கு முன்பே போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து 'மாட்டேன்' கட்டத்தைச் சேர்த்தேன். ஒரு பையன் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் படம். அம்மா இரண்டு மூன்று முறை தன் விஷயத்திலேயே அதைத் தொட்டுக் காட்டினார். நான் காபி போடச் சொன்னபோது ஒரு முறை தொட்டார்.

அடுத்த சனிக்கிழமை சந்தையில் கூட்டம். மக்காச்சோளம் வரத் தொடங்கியிருந்தது. கடைக்காரர்கள் தட்டில் வெட்டிவைத்த பழத்துண்டுகளை மகன் ஒவ்வொன்றாகச் சுவைத்துக்கொண்டு வந்தான். ஒரு மணி நேரம் ஆனது. "கிளம்பலாம் கண்ணா" என்றேன். அவன் நின்றான். கழுத்தில் தொங்கிய பெட்டியைத் தொடவில்லை. பாட்டியின் பையிலிருந்து பலகையை உருவி, கைகளைக் கட்டிய பையன் மேல் விரலை வைத்தான். என்னைப் பார்த்தான், விரலை எடுக்கவில்லை.

"சொல்லிட்டான்" என்றார் அம்மா.

இன்னும் இருபது நிமிடம் இருந்தோம். பீச் பழம் விற்ற இடத்தில் அவன் இரண்டு துண்டு சாப்பிட்டான். திரும்பி வரும்போது மெட்ரோவில் நிற்க இடமில்லாத கூட்டம், எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் பலகையைத் துடைத்து, அவன் கைக்கு எட்டும் உயரத்தில் ஆணியில் மாட்டினேன்.